பறந்தது சுலபம், கிளம்பியதுதான் கஷ்டம்

பிப்ரவரியில் சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு ஆல்ப்ஸுக்குப் போய்ப் பனிச்சறுக்கி வர முடியுமா என்று இந்த மன்றத்தில் கேட்டிருந்தீர்கள். முடியும். நான் போய் வந்தேன். எதற்கெல்லாம் பயந்தேனோ அவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் தரையில்.

விமானம் செஸ்னா 172. நானும் மனைவியும் மட்டும். பின் இருக்கையில் ஆள் இல்லை. 170 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு ஜோடி சறுக்குக்கட்டைகள் சாமான் அறையிலிருந்து எங்கள் முழங்கை வரை நீண்டு கிடந்தன. அவற்றை இழுத்துக் கட்டவே அரைமணி நேரம் ஆனது. நழுவி முன்னே வந்தால் விபரீதம். சூரிச் பக்கமிருந்து கூர் நகரைத் தாண்டி, 2,284 மீட்டர் உயர யூலியர் கணவாய் வழியே எங்கடீன் பள்ளத்தாக்கில் இறங்குவதாகத் திட்டம். சுவிட்சர்லாந்தின் விமான வானிலை அறிக்கை ஒவ்வொரு மலைப்பாதைக்கும் ஓர் எழுத்தைத் தருகிறது: ஓ என்றால் திறந்திருக்கிறது, எக்ஸ் என்றால் மூடியிருக்கிறது. அன்று எங்கள் பாதைக்கு ஓ.

குளிர்காற்று அடர்த்தி மிக்கது. கோடையில் முனகிக்கொண்டே ஏறும் அதே இயந்திரம் அன்று உற்சாகமாக ஏறியது. பள்ளத்தாக்கில் நடுவே போகாமல் வலது ஓரமாகவே போனேன்; திரும்ப வேண்டி வந்தால் முழு அகலமும் நம் கையில் இருக்கும்.

நாங்கள் இறங்கிய சமேடன் ஐரோப்பாவின் மிக உயரமான விமான நிலையங்களுள் ஒன்று, 1,707 மீட்டர். ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர் நீளம், எங்களுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. பக்கத்துச் செயின்ட் மோரிட்ஸில் உறைந்த ஏரியின்மேல் குதிரைப் பந்தயம் நடக்கும் பருவம். தனியார் ஜெட் விமானங்கள் வரிசைகட்டி நின்றன. அவற்றின் நடுவே எங்கள் செஸ்னா, கல்யாண வீட்டு வாசலில் நிறுத்திய சைக்கிள் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் காலை மைனஸ் 22 டிகிரி. இறக்கைகளுக்கு உறை போட்டிருந்தேன். வாலுக்குப் போட மறந்துவிட்டேன். கையுறையைக் கழற்றி வாலைத் தடவினேன்; உப்புத்தாள் போலச் சொரசொரவென்று உறைபனி. பார்த்தால் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சொரசொரப்பு இறக்கையில் இருந்தால் ஏற்றுவிசையில் முப்பது சதவீதம் வரை போய்விடும் என்பது பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். விமானத்தைத் தள்ளி வாலை வெயிலுக்குத் திருப்பினோம். வெயில் வந்தால்தானே! மலைமுகட்டைத் தாண்டிச் சூரியன் எட்டிப்பார்க்கும்வரை காத்திருந்தோம். மிச்சத்தை மென்மையான துடைப்பத்தால் தேய்த்து எடுத்தோம்.

அடுத்து இயந்திரம். எண்ணெய் அளவுக்கோலை உருவினால் சொட்டவில்லை, கேழ்வரகுக் கூழ் போல ஒட்டிக்கொண்டு வந்தது. அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் சுடுகாற்று ஊதியின் குழாயை மூக்குப் பகுதிக்குள் செருகி, மேலே கம்பளியைப் போர்த்தினார். முக்கால் மணி நேரம் ஊதினார். பிறகு குனிந்து அடியில் ஒரு மெல்லிய குழாயைக் காட்டினார். இயந்திரத்தின் உள்ளாவி வெளியேறும் வழி அது. அதன் வாயில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் ஏறி எண்ணெய் பிதுங்கிக்கொண்டு வந்துவிடும். பதினோரு ஆண்டுகளாகப் பறக்கிறேன், குனிந்து அதைப் பார்த்ததில்லை.

இயந்திரம் உறுமியது. நகரலாம் என்றால் இடது சக்கரம் சுற்றவில்லை. விமானம் இருந்த இடத்திலேயே இடப்பக்கம் திரும்பியது. இறங்கிய அன்று சக்கர மூடிக்குள் புகுந்த பனி, பிரேக்கின் சூட்டில் உருகி, இரவில் கல்லாகிவிட்டது. இயந்திரத்தை நிறுத்தி, மறுபடி ஊதி, மறுபடி காத்திருப்பு. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் பதினொன்றரைக்குக் கிளம்பினோம்.

மேலே ஏறியபின் ஒன்று நினைவில் வையுங்கள்: கடுங்குளிரில் உயரமானி பொய் சொல்லும். அன்று அது 10,000 அடி என்று காட்டியபோது நாங்கள் 300 அடியாவது தாழ்வாகத்தான் இருந்திருப்போம். கணவாயை உரசிப் போகிறவர்களுக்கு இது சின்னக் கணக்கு அல்ல.

*

உங்கள் பதிவைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எனக்கு நேர்மாறு. தரையில் எல்லாம் சுகம், மேலேதான் உதை.

மியூனிக் பக்கமிருந்து ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்குக்குக் கிளம்பினோம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை, எட்டாத மலையெல்லாம் எட்டிப் பிடிக்கலாம் போலத் தெரிந்தது. அன்று வீசியது தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் காற்று. அதை ‘ஃபோன்’ என்று எழுதினால் தொலைபேசி என்று படித்துவிடுவீர்கள், அதனால் தென்காற்று என்றே வைத்துக்கொள்கிறேன். மலைக்குத் தெற்கே இத்தாலியில் இருக்கும் போல்சானோவுக்கும் இன்ஸ்புரூக்குக்கும் இடையே காற்றழுத்தம் நான்கு ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் வேறுபட்டால் போகாதே என்று என் ஆசிரியர் சொன்னார். அன்று ஆறு. தெரிந்தேதான் போனேன், வானம் அவ்வளவு அழகாக இருந்தது.

குஃப்ஸ்டைன் வழியாகப் பள்ளத்தாக்கில் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காற்றின் முதல் உதையில் பின்னால் இருந்த சறுக்குக் காலணி ஒன்று கூரையில் மோதி மடியில் விழுந்தது. இரண்டாவதில் என் தலை. தெற்கே பிரதான மலைத்தொடரின்மேல் சுவர் எழுப்பியது போல மேகம் படுத்திருந்தது. தென்காற்றின் அடையாளம் அது, முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். திரும்பிவிட்டேன். மாலை ரயிலில் இன்ஸ்புரூக் போனோம், இரண்டு மணி நேரப் பயணம். டிக்கெட் எரிபொருள் செலவைவிடக் குறைவு என்பதை மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

*

பிரான்ஸின் பனிச்சறுக்கு ஊரான கூர்ஷெவெலின் விமான நிலையத்தைப் பற்றி நீங்கள் இருவரும் எழுதவில்லையே. பயிற்றுநருடன்தான் போனேன், தனியாக இறங்க மலைப்பகுதித் தகுதியோ அந்த இடத்துக்கான அனுமதியோ வேண்டும். உயரம் 2,008 மீட்டர், ஓடுபாதை வெறும் 537 மீட்டர், சரிவு 18 சதவீதத்துக்கும் மேல். மேட்டை நோக்கித்தான் இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கித்தான் எழ வேண்டும். எதிரே மலை, ஓர் எல்லைக்குப் பின் மனம் மாற இடமில்லை.

நான் எதிர்பாராதது தரையைத் தொட்டபின் நடந்தது. சக்கரம் பட்டதும் என் கை பழக்கத்தில் இயந்திர விசையைக் குறைக்கப் போனது. பயிற்றுநர் என் கையின்மேல் கைவைத்து முன்னே தள்ளினார். விசை இல்லாவிட்டால் சரிவின் பாதியிலேயே நின்றுவிடுவோம். இறங்கியபின் விமானத்தை ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டு போவது விசித்திரமான அனுபவம். பக்கத்துச் சரிவில் சறுக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் நின்று எங்களுக்குக் கையசைத்தான்.

அடுத்த நாள் பறக்கவில்லை. மேகமூட்டத்தில் பனியின்மேல் நிழலே விழவில்லை. எது சரிவு, எது சமதளம் என்று நடந்துபோகும்போதே எனக்குத் தெரியவில்லை.

*

முதல் பதிவு எழுதியவன்தான். விமான அறையின் சூடாக்கியைப் பற்றித் தனியே கேட்டிருந்தார்கள். வெளியேற்றுக் குழாயைச் சுற்றி வரும் காற்றுதான் அறைக்குள் சூடாக வருகிறது. குழாயில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தே வரும். 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா சென்ற விமானம் கடலில் விழுந்தது, அவர் உடலில் அந்த வாயு ஆபத்தான அளவில் இருந்ததை விசாரணையில் கண்டுபிடித்தார்கள். வாயு இருந்தால் நிறம் மாறிக் காட்டும் ஒட்டும் அட்டையை நம்பாதீர்கள், அலறும் மின்னணுக் கருவி வாங்குங்கள். என்னுடையது சாவிக்கொத்தோடு தொங்குகிறது.

சக்கர மூடிகளைக் கழற்றிவிட்டேன். மூன்றும் கராஜில் சறுக்குக்கட்டைகளுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன, ஏப்ரலில் மாட்டிக்கொள்ளலாம்.