மகரிஷி மகேஷ் யோகி இன்னைக்கு என்னவா நிக்கிறார்?

கேள்வி: இங்கிலாந்து ராக் இசைக்குழு பீட்டில்ஸ் 1968ல ரிஷிகேஷ் போய் இவர்கிட்ட தியானம் கத்துக்கிட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தக் குழுவோட ஜான் லெனான் கோவிச்சுக்கிட்டு கிளம்பினதோட கதை முடிஞ்சுதா, இல்ல நிஜமாவே ஏதாவது மிஞ்சிச்சா?

பதில் 1: நிறைய மிஞ்சிச்சுங்க. அந்த வருஷமே வந்த பீட்டில்ஸோட டபுள் ஆல்பத்துல (ஒயிட் ஆல்பம்னு சொல்வாங்க) பாதிக்கு மேல அங்க உக்காந்து எழுதினதுதான், கூட வந்திருந்த பாடகர் டோனவன் அங்கதான் லெனானுக்கு கிட்டார் கம்பியை விரலால ஒவ்வொண்ணா மீட்டுற முறையை சொல்லிக்குடுத்தார், அது இல்லாம அந்தப் பாட்டுங்களோட மென்மையே வந்திருக்காது.

பதில் 2: மகரிஷி 2008ல நெதர்லாந்துல காலமானார், அடுத்த வருஷமே பீட்டில்ஸோட பால் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் இந்த தியானத்தைப் பரப்ப நியூயார்க்ல சேர்ந்து மேடை ஏறினாங்க. மந்திரத்தோட தினம் ரெண்டு வேளை 20 நிமிஷம், அவ்வளவுதான் பயிற்சி. எனக்கு அதுதான் பெருசு.

பதில் 3: ரிஷிகேஷ்ல அவரோட அந்த ஆசிரமத்துக்கு ஒருதடவை போயிட்டு வாங்க ப்ரோ, கங்கைக்கு மேல காட்டுக்குள்ள முட்டை மாதிரி கல் குடில்கள், இடிஞ்ச சுவர்ல ஓவியம். மனசு அப்படியே அடங்கிடும்.