பூசணியில் பூ நிறைய, பிஞ்சு மட்டும் நிற்பதில்லை: ஆண் பூ, பெண் பூ பற்றி ஓர் ஐயம்

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் கல் கட்டி இரண்டு அடுக்காக எடுத்த சிறிய தோட்டம் இருக்கிறது. ஆவணியில் மேல் அடுக்கில் மஞ்சள் பூசணி மூன்று குழியும், கீழ் அடுக்கில் சுக்கினி (வெள்ளரி போன்ற நீளக் காய்) இரண்டு செடியும் ஊன்றினேன். வேலியோரம் போன ஆண்டின் மேரக்காய் (சவ்சவ்) கொடி ஒன்று தானாகவே தழைத்து நிற்கிறது. தொழு உரம் இரண்டு முறை இட்டேன். கொடியின் வளர்ச்சியில் எந்தக் குறையும் இல்லை.

பூசணி ஐப்பசித் தொடக்கத்தில் பூக்கத் தொடங்கியது. முதல் இரண்டு வாரம் பூத்தவையெல்லாம் மறுநாளே சுருங்கி விழுந்தன. என் மாமியார், "அதெல்லாம் பொய்ப் பூ, கிள்ளிப் போட்டுவிடு" என்றார், நான் கிள்ளவில்லை. பிறகு சில பூக்களின் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு தெரிந்தது. ஆனால் பூ வாடிய நான்கைந்து நாளில் அந்தப் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி, வெம்பி, தொட்டாலே உதிர்கிறது. இதுவரை ஏழு பிஞ்சுகள் போய்விட்டன.

சுக்கினியில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. முதல் பூவிலிருந்தே எல்லாம் பிஞ்சோடு கூடிய பூக்கள்தாம். வெறும் காம்பில் நிற்கும் பூ ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அந்தப் பிஞ்சுகளும் விரல் நீளம் வந்ததும் நுனி அழுகிவிடுகின்றன. உரக்கடையில் கேட்டபோது பூச்சி என்று சொல்லி ஒரு தூளைக் கொடுத்தார்கள். இரண்டு முறை தூவியும் பயனில்லை. பூசணியின் ஆண் பூவைப் பறித்துச் சுக்கினிப் பூவில் தேய்த்தால் காய் பிடிக்குமா? தக்காளியிலும் அவரையிலும் இப்படி ஆண், பெண் என்று பார்க்க வேண்டுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் (குன்னூர்)

சகோதரிக்கு வணக்கம். முதலில் அந்தத் தூளை நிறுத்திவிடுங்கள். உங்கள் கொடிக்கு வந்திருப்பது நோயோ பூச்சியோ அல்ல என்றே நினைக்கிறேன். பூவில் தூவிய பூச்சிமருந்து, காய் பிடிக்க வைக்கும் தேனீயைத்தான் முதலில் கொல்லும். பிஞ்சு பூச்சியால் போகிறதா, மகரந்தம் சேராமல் போகிறதா என்பதைக் கையால் பிய்த்துப் பார்த்தே அறியலாம். பழ ஈ குத்திய பிஞ்சில் ஊசி முனை அளவு புள்ளியும், அதிலிருந்து கசிந்து உறைந்த பிசினும் இருக்கும். உள்ளே வெள்ளைப் புழு நெளியும். மகரந்தம் சேராத பிஞ்சில் துளையும் புழுவும் இருக்காது. பூ ஒட்டியிருந்த நுனி முதலில் மஞ்சளாகி, பின் மிருதுவாகி, காம்பு வரை சுருங்கும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

பூசணி, சுக்கினி, வெள்ளரி, பாகல், சுரை, பீர்க்கு, புடல், மேரக்காய் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பம். இவற்றில் பெரும்பாலும் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். நாளைக் காலை ஒரு பூசணிப் பூவைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். ஆண் பூவின் காம்பு மெலிந்து ஒரு சாண் வரை நீண்டு, நேராக இதழின் அடியில் முடியும்; உள்ளே நடுவில் ஒரே ஒரு தண்டு, அதன் தலையில் விரலில் ஒட்டும் மஞ்சள் பொடி. பெண் பூவின் காம்பு குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். காம்புக்கும் இதழுக்கும் இடையில் காயின் உருவத்திலேயே ஒரு பிஞ்சு அமர்ந்திருக்கும். உள்ளே பொடி இருக்காது, மூன்று மடலாகப் பிளந்த பிசுபிசுப்பான சூல்முடி இருக்கும். அந்தப் பிஞ்சு பூ மலரும் முன்பே இருப்பதால் பலர் அதைக் காய் பிடித்துவிட்டதாக எண்ணி ஏமாறுகிறார்கள். அது சூலகம் மட்டுமே. மூன்று மடல்களிலும் போதிய மகரந்தம் படிந்தால்தான் அது காயாகும், குறைவாகப் படிந்தால் நுனி சிறுத்துக் கோணலாக வளரும், படியாவிட்டால் வெம்பும்.

உங்கள் மாமியார் பொய்ப் பூ என்றது ஆண் பூவைத்தான். அதில் காய் வராது என்பது சரி. ஆனால் அதைக் கிள்ளாமல் விட்டது நல்லதாயிற்று. பூசணி முதலில் ஆண் பூக்களை விடுவதும், பிறகே பெண் பூக்கள் வருவதும் இயல்பு. மார்கழியில் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார் மேல் வைப்பதற்குப் பூசணிப் பூ பறிக்கும்போது நம் பாட்டிமார்கள் நீண்ட காம்புப் பூவைப் பார்த்துத்தான் பறிப்பார்கள். பிஞ்சுள்ள பூவைத் தொட விடமாட்டார்கள். வாசலில் பூவும் இருக்கும், பந்தலில் காயும் இருக்கும்.

ஆண் பூவும் பெண் பூவும் இருந்தும் காய் நிற்காததற்குக் காரணம் நம் ஊர்ப் பருவம். ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆனி, ஆடியில் பெய்யும் தென்மேற்கு மழை பெரிது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்கு மழையே பெரிது. உங்கள் கொடி பூத்தது சரியாக அந்த மழைக்குள். இந்தப் பூவின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்றில் பறக்காது, தேனீயும் வண்டும்தான் சுமந்து செல்ல வேண்டும். ஒரு பூவுக்கு வாய்த்தது ஒரே ஒரு காலைப்பொழுது. மதியத்துக்குள் இதழ் மூடிவிடும், மறுநாள் திறக்காது. அந்தச் சில மணி நேரமும் மழையும் பனிமூட்டமும் இருந்தால் தேனீ கூட்டைவிட்டு வெளியே வராது. போதாக்குறைக்குப் பூவுக்குள் நீர் தேங்கினால் மகரந்தம் நனைந்து கெட்டுவிடும்.

ஆகவே அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். இதழ் விரிந்து, ஆண் பூவின் தண்டில் பொடி உதிரத் தொடங்கியதும், அந்தப் பூவைக் காம்போடு பறித்து இதழ்களைக் கிழித்து நீக்குங்கள். பிறகு நடுத்தண்டைப் பெண் பூவின் மூன்று மடல்களிலும் மெதுவாகச் சுற்றித் தேய்த்துவிடுங்கள். முடிந்தால் ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ எடுங்கள். சமவெளியில் பொழுது விடியும்போதே இதைச் செய்வார்கள். நம் குளிரில் பூ தாமதமாக மலர்கிறது, பொடியும் தாமதமாக உதிர்கிறது, எனவே கடிகாரத்தைப் பார்க்காமல் பூவைப் பாருங்கள்.

மழை விடாத நாள்களுக்கு நான் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. மறுநாள் மலரப்போகும் மொட்டு முந்தின மாலையிலேயே நுனி மஞ்சளாகிப் பருத்திருக்கும். அத்தகைய ஆண் மொட்டுகளை மாலையில் நீண்ட காம்போடு வெட்டி, ஒரு டம்ளர் நீரில் நிறுத்திச் சமையலறையில் வைத்துவிடுவேன்; காலையில் அவை உலர்ந்த பொடியோடு மலர்ந்திருக்கும். பெண் மொட்டின் மேல் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தால் அதற்குள்ளும் நீர் இறங்காது.

சுக்கினியைப் பற்றி: குளிரும் குறுகிய பகலும் இந்தக் குடும்பத்தில் பெண் பூக்களை மிகுவிக்கும், வெப்பமும் நீண்ட பகலும் ஆண் பூக்களை மிகுவிக்கும். குளிர்ந்த பருவத்தில் சுக்கினி பெண் பூவோடு தொடங்குவதும் அதனால்தான். ஆண் பூ பின்னால் வரும். பூசணி மகரந்தத்தை நம்ப வேண்டாம்; மஞ்சள் பூசணியும் சுக்கினியும் வெவ்வேறு இனங்கள், காய் நிற்பது அரிது. அக்கம்பக்கத்தில் யாராவது சுக்கினி வைத்திருந்தால் ஓர் ஆண் பூ கேட்டு வாங்குங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய், அவரை, பட்டாணி ஆகியவற்றில் ஒரே பூவுக்குள் இரண்டு உறுப்புகளும் இருக்கின்றன. அங்கே இந்த ஆராய்ச்சி தேவையில்லை.

பதில் (தாண்டிக்குடி, கீழ்ப் பழனி மலை)

வணக்கம் அம்மா. எங்கள் பக்கம் மேரக்காயைச் சவ்சவ் என்போம். பந்தல் போட்டுச் சாகுபடி செய்கிறோம், ஆகையால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் வேலிக் கொடியின் ஒரு கணுவைப் பிடித்து உற்றுப் பாருங்கள். இலைக் காம்பின் இடுக்கிலிருந்து சிறு கதிர் போல் ஒன்று நீண்டு, அதில் வெளிர்பச்சை நிறத்தில் மிளகளவு மொட்டுகள் வரிசையாக இருக்கும். அவை ஆண் பூக்கள். அதே இடுக்கில், கதிரின் அடியில், தனியாக ஒரு பூ குட்டைக் காம்பில் நிற்கும். அதன் அடியில் குட்டிச் சவ்சவ் ஒன்று சுணையோடு தெரியும். பூ மிகச் சிறியது என்பதால் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. இதில் கையால் தொடும் வேலையே வேண்டாம். தேன் மிகுந்த பூ, சின்னத் தேனீ, குளவி எல்லாம் மொய்க்கும். ஒற்றைக் கொடியே போதும்.

பகல் நீளம் குறையும்போது பூக்கும் கொடி இது. நம் மலைகளில் ஆனியில் பகல் ஏறத்தாழ 12¾ மணி, மார்கழியில் 11½ மணி. சித்திரை, வைகாசியில் முளைவிட்ட முழுக்காயை நட்டால் ஐந்தாறு மாதத்தில் காய்ப்பதும், அதற்கு முன் எத்தனை உரமிட்டாலும் இலையாகவே தள்ளுவதும் இதையொட்டித்தான். எனவே ஆடியில் பூக்கவில்லை என்று கொடியை அறுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில், கொடிக் காய்கறிகளில் பெண் பூவை மிகுவிக்க எத்ரல் என்னும் பயிர் வளர்ச்சி ஊக்கியை 250 பிபிஎம் (பத்து லட்சத்தில் 250 பங்கு) அளவில், விதைத்த 10 முதல் 15 நாளில் தொடங்கி வாரம் ஒரு முறையாக நான்கு முறை தெளிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பூசணி, பாகல் போடும் விவசாயிகள் செய்கிறார்கள். உங்களுக்கும் அது உதவக்கூடும்.

பதில் (குன்னூர்)

தாண்டிக்குடி நண்பர் சொன்ன பரிந்துரை சரியானதே. ஆனால் இந்தத் தோட்டத்துக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. எத்ரல் இளஞ்செடிப் பருவத்துக்கானது. இவருடைய கொடி இரண்டு மாதத்தைக் கடந்துவிட்டது. அதைவிட முக்கியமாக, இவரிடம் பெண் பூ குறைவில்லை. ஏழு பெண் பூக்கள் வந்து ஏழும் வெம்பியிருக்கின்றன. எட்டாவதை வரவழைப்பதால் என்ன பயன்? குறைவது மகரந்தத்தைச் சுமக்கும் ஆள்தான். சுக்கினியில் எத்ரலைத் தெளித்தால் வரவேண்டிய ஆண் பூவும் தள்ளிப்போகும்.

கேள்வி கேட்டவர் (கோத்தகிரி), 16 நாள்களுக்குப் பின்

ஐயா, மிக்க நன்றி. முதல் நாள் நேரடியாகக் கொடியில் செய்து பார்த்தேன். விடியற்காலைப் பனிநீர் பூவின் அடியில் ஒரு கரண்டி அளவு தேங்கியிருந்தது; பொடி குழைந்து களிம்பு போல் இருந்தது. அந்தப் பிஞ்சு நான்காம் நாள் மஞ்சளாயிற்று. அன்று மாலையே நீங்கள் சொன்னபடி மூன்று ஆண் மொட்டுகளை டம்ளரில் வைத்தேன். காலையில் மூன்றும் மலர்ந்திருந்தன. தொட்டவுடன் பொடி விரலில் மஞ்சள் பூசியது போல் ஒட்டியது. அன்றிலிருந்து ஐந்து பெண் பூக்களுக்குச் செய்திருக்கிறேன். இரண்டு போயின, மூன்று நிற்கின்றன; முதலாவது இப்போது தேங்காய் அளவு. மாமியாரிடம் காம்பைத் திருப்பிக் காட்டினேன்; இப்போது மாலையில் மொட்டு தேடுவது அவர் வேலையாகிவிட்டது. சுக்கினியில் நேற்று முதல் ஆண் மொட்டு தென்பட்டது.

இந்தப் பூசணியிலிருந்து அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கலாமா? பக்கத்து வீட்டில் நீள வகைப் பூசணி இருக்கிறது. அதன் மகரந்தம் கலந்தால் என் காயின் சுவை மாறுமா?

பதில் (கூடலூர்)

வணக்கம் அக்கா. யாருடைய மகரந்தம் விழுந்தாலும் இந்த ஆண்டுக் காயின் வடிவமும் சுவையும் மாறாது. காயின் சதை முழுவதும் தாய்க் கொடியினுடையது. கலப்பு விதைக்குள்தான் இருக்கும், அடுத்த ஆண்டு விதைக்கும்போது தெரியும். மக்காச்சோளம் மட்டும் விலக்கு. அங்கே நாம் உண்பதே விதை என்பதால் கலப்பு அதே கதிரில் தெரிந்துவிடும்.

விதைக்கு வேண்டுமென்றால், மறுநாள் மலரவிருக்கும் ஆண் மொட்டுகளையும் ஒரு பெண் மொட்டையும் மாலையிலேயே நுனியில் நூலால் கட்டிவிடுங்கள். தேனீ நுழையாமலிருக்க அது போதும். காலையில் அவிழ்த்து, கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்டி, அதன் காம்பில் ஒரு வண்ண நூல் சுற்றி அடையாளம் வையுங்கள். அந்த ஒரு காயைக் கறிக்குப் பறிக்காமல், காம்பு காய்ந்து தோல் நகம் இறங்காத அளவு இறுகும்வரை கொடியிலேயே விடுங்கள். சுக்கினியில் இன்னும் கவனம் வேண்டும்: அலங்காரப் பூசணி வகைகளோடு கலந்த விதையிலிருந்து வரும் காய் சில சமயம் கடுமையாகக் கசக்கும், அந்தக் கசப்பு நஞ்சு. சுக்கினியோ பூசணியோ கசந்தால் சமைக்காமல் எறிந்துவிடுங்கள்.

எங்கள் ஊர் கோத்தகிரியைவிடத் தாழ்வு, வெப்பம் அதிகம் என்பதால் கோவைக்காயும் வருகிறது. அதில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. விதை போட்டால் எது வரும் என்று பூக்கும்வரை தெரியாது, ஆகையால் காய்க்கும் கொடியின் தண்டை வெட்டித்தான் நடுகிறோம். சுரையும் புடலும் மாலையில் வெள்ளையாகப் பூப்பவை, இரவில் அந்துப்பூச்சி வரும். அவற்றுக்குக் கை வைப்பதானால் காலையில் அல்ல, விளக்கு வைக்கும் நேரத்தில் போக வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் துளசியும் கொத்தமல்லியும் கொஞ்சம் பூக்கட்டும் என்று விட்டுவையுங்கள். மழை ஓய்ந்து தை வெயில் வந்ததும் அடுக்குத் தேனீ அவற்றைத் தேடி வரும், அப்படியே பூசணிக்கும் போகும். அதன்பின் நீங்கள் டம்ளரில் மொட்டு வைக்க வேண்டியிருக்காது.