இரண்டாம் அலெக்சாண்டர் தந்தது விடுதலையா, கடன் சீட்டா?

வடக்குவாசல்:
ரஷ்யாவை நவீனமாக்கிய மன்னர் என்றாலே எல்லோரும் மகா பீட்டரைப் பிடித்துக்கொள்கிறார்கள். தாடிக்கு வரி போட்டவருக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட இரண்டாம் அலெக்சாண்டருக்குக் கிடைக்கவில்லை. கிரிமியப் போர் கைநழுவிக்கொண்டிருந்த 1855இல் பட்டத்துக்கு வந்தவர். மறு ஆண்டே மாஸ்கோ பிரபுக்களிடம், பண்ணையடிமை முறை கீழிருந்து உடைவதற்குள் மேலிருந்து நாமே ஒழிப்பது நல்லது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். 1861இல் செய்தும் காட்டினார். இரண்டு கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஒரே கையெழுத்தில் விடுதலை!

நெல்மணி:
கையெழுத்து ஒன்று, தவணை 49 ஆண்டு. அதையும் சொல்லுங்கள். தான் உழுத நிலத்தைக் குடியானவன் விலை கொடுத்து வாங்க வேண்டும். அதில் பெரும்பகுதியை அரசு பிரபுவுக்குக் கடன் பத்திரமாகக் கொடுத்துவிடும். குடியானவன் ஆண்டுக்கு 6 சதவீதம் வீதம் 49 ஆண்டு அரசுக்குக் கட்ட வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 100 ரூபிளுக்கு 294 ரூபிள். அந்த விலையாவது மண்ணைப் பார்த்துப் போட்டதா? அதுவரை பிரபுவுக்கு அவன் ஆண்டுதோறும் அழுதுவந்த பணத்தை வைத்துப் போட்டது. 10 ரூபிள் கட்டியவனுக்கு விலை 166 ரூபிளுக்கும் மேல். நிலத்தின் பெயரில் ஆளுக்கே விலை வைத்தார்கள். ஒருவன் கட்டத் தவறினால் ஊரே கட்ட வேண்டும். பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போகவும் ஊரின் சம்மதம் வேண்டும்.

வடக்குவாசல்:
பிரபுக்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுவித்திருந்தால் அவர் எத்தனை நாள் அரியணையில் இருந்திருப்பார்? அவருடைய தாத்தா பாவெலை 1801இல் அரண்மனைக்குள்ளேயே கொன்றவர்கள் யார்? ஜார் நினைத்தால் எதுவும் நடக்கும் என்பது நம் கற்பனை. அமெரிக்காவில் விடுதலை பெற்ற அடிமைகளுக்கு நிலமே கிடைக்கவில்லை என்பதையும் பாருங்கள்.

எதிர்வெயில்:
இடையில் ஒரு சம்பவம். கசான் மாகாணத்தில் பெஸ்த்னா என்று ஒரு கிராமம். விடுதலைச் சட்டம் சுருங்கச் சொல்லும் ரகம் அல்ல. பிரபுவின் ஆட்களுக்கே புரியவில்லை. தட்டுத்தடுமாறிப் படிக்கத் தெரிந்த அந்தோன் பெத்ரோவ் என்ற குடியானவர் அதைப் புரட்டி, அச்சிலிருந்த சதவீதக் குறியை உண்மையான விடுதலைக்கான முத்திரை என்று படித்துச் சொன்னார். நிலம் முழுவதும் நமக்கே, இனி பிரபுவுக்கு வேலை செய்ய வேண்டாம் என்றார். ஆயிரக்கணக்கானோர் அவர் வீட்டைச் சுற்றித் திரண்டார்கள். ராணுவம் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெத்ரோவ் சட்டப் புத்தகத்தைத் தலைமேல் வைத்தபடி வெளியே வந்தார். சில நாளில் அவரையும் சுட்டார்கள். ஜார் தமக்குத் துரோகம் செய்திருப்பார் என்று அந்த மக்கள் கடைசிவரை நம்பவே இல்லை. எனக்கு இதுதான் தாங்கவில்லை.

வடக்குவாசல்:
கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் 1861ஐ மட்டும் வைத்து அவரை எடை போடாதீர்கள். 1864 நீதித்துறைச் சீர்திருத்தத்தைப் பாருங்கள்: வெளிப்படையான விசாரணை, வழக்கறிஞர்கள், பொதுமக்களே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி. 1878இல் தலைநகர ஆளுநர் திரேப்போவைச் சுட்டுக் காயப்படுத்திய வேரா சசூலிச்சை அதே ஜூரி விடுதலை செய்தது. ஜாரின் அதிகாரியைச் சுட்டவளை ஜாரின் நீதிமன்றமே விடுவித்தது! அவருடைய தந்தை காலத்தில் இது நடக்குமா?

நெல்மணி:
நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். தீர்ப்பு வந்த கையோடு போலீஸ் அவளை மறுபடி பிடிக்கப் பார்த்ததையும், அதிகாரிகளைத் தாக்கும் வழக்குகளை ஜூரியிடமிருந்து பறித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடியானவனின் சில்லறை வழக்குகள் இந்த நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. அவனுக்குத் தனி ஊர் நீதிமன்றம், அங்கே பிரம்படி.

வடக்குவாசல்:
இன்னும் செய்திருப்பார். 1881 மார்ச் 1, பழைய நாட்காட்டிப்படி. மக்களின் பிரதிநிதிகளையும் ஆலோசனைக்கு அழைக்கும், உள்துறை அமைச்சர் லோரிஸ் மெலிக்கோவின் திட்டத்துக்கு அன்று காலைதான் ஒப்புதல் தந்தார். பிற்பகலில் குண்டு வீசிக் கொன்றுவிட்டார்கள். அடுத்து வந்த மகன் மூன்றாம் அலெக்சாண்டர் அதைக் குப்பையில் போட்டார். குண்டு வீசியவர்கள் சாதித்தது என்ன?

நெல்மணி:
குண்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நீங்கள் பிற்போக்குவாதி என்று ஒதுக்கும் அந்த மகன்தான் அதே ஆண்டு டிசம்பரில் நிலத் தவணையைக் குறைத்தார். ஆள் கணக்கில் வாங்கிய தலைவரியை நீக்கியதும் அவர் ஆட்சிதான். தவணை அடியோடு ஒழிந்ததோ 1907இல், அதுவும் 1905இல் நாடே பற்றி எரிந்த பிறகு. சீர்திருத்தவாதி தம் 26 ஆண்டுகளில் அந்தத் தவணையை ஏன் தொடவில்லை? இதற்குப் பதில் சொல்லுங்கள்.