புதுப்பிப்பு: கேம்ப் அடுப்பு மஃபின் ஒருவழியாக வெந்தது

மஃபின் அடி கரிந்து நடுவில் பச்சை மாவாகவே நின்றது என்று புலம்பியிருந்தேனே, காரணம் டைட்டானியம் பாத்திரம்தான். எடை குறைவுதான், ஆனால் சூட்டைப் பரப்பாது, சுடர் படுகிற இடம் மட்டும் காயும். இந்த முறை அதிலேயே ஒரு விரல் தண்ணீர் ஊற்றி, கசக்கிய அலுமினியத் தாளை வளையமாக வைத்து (கப்பைத் தாங்க ஆற்றுக்கல் வேண்டாம், உள்ளே ஈரமிருந்தால் சூட்டில் வெடிக்கும்), அதன்மேல் சிலிகோன் கப்பில் பாதியளவு மாவு விட்டு மூடி, சிறு தீயில் இருபது நிமிடம் திறக்காமல் விட்டேன். குத்திப் பார்த்தால் குச்சி மாவு ஒட்டாமல் சுத்தமாக வந்தது!

ஒரே குறை, ஆவி 100 டிகிரியைத் தாண்டாததால் மேலே சிவக்காது. அப்புறம் என்ன, இரண்டாக வெட்டி மூடியில் வெண்ணெய் தடவி வாட்டிவிட்டேன்.