14 தடவை ரத்தமா? கணக்கு இடிக்குதே

பவானிக்காரன்:
நேற்று இங்கே ஒரு பதிவு. கோவைப் பக்கம் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன், கல்லூரியில் சேர்ந்ததில் இருந்து 14 தடவை ரத்தம் கொடுத்திருக்கிறானாம். பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கிறானாம், சனிக்கிழமை பொழுதோட தொண்டாமுத்தூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறானாம். எல்லாம் சரி. ஆண்கள் ஒரு தடவை கொடுத்தால் 90 நாள் பொறுக்க வேண்டும். வருசத்துக்கு 4, மூன்று வருசத்துக்கு 12. மீதி 2 கொசு குடித்ததா?

நொய்யல்கரை:
பதிவு போட்டது நான்தானுங்க. பையன் எங்கள் வீதி. இத்தனை செய்கிறவனிடம் இந்த இரண்டைத்தான் பிடித்தீர்களா?

பவானிக்காரன்:
12.

சென்னிமலை சின்னு:
முதல் நாளையும் எண்ணினால் 13 வருமுங்க.

பவானிக்காரன்:
13-ம் 14 இல்லையே சின்னு. அதுவும் 18 நிரம்பிய பிறகுதான் எடுப்பார்கள். சேரும்போது பையனுக்கு 17 இருந்திருக்கும். மூன்றாம் ஆண்டும் இன்னும் முடியவில்லை. நியாயமாகப் பார்த்தால் 10 தேறினால் பெரிது.

ஈரோட்டு அம்மிணி:
நான் ரத்த வங்கியில் சோலி பார்க்கிறவள். 90 நாள் என்பது முழு ரத்தத்துக்கு. ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களை, அதாவது பிளேட்லெட் மட்டும் கொடுத்தால் 48 மணி நேரம் கழித்தே மறுபடி கொடுக்கலாம், வருசத்துக்கு 24 வரைக்கும். டெங்கு சமயத்தில் பையன்கள் மெஷினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருப்பார்கள், கையில் ஸ்பாஞ்சு பந்தை அமுக்கிக்கொண்டே மறுநாள் டெஸ்டுக்குப் படிப்பார்கள். 14 ஒன்றும் அதிசயமில்லை.

பவானிக்காரன்:
பதிவில் 'ரத்தம்' என்றுதான் இருக்கிறது. பிளேட்லெட் என்று எங்கே இருக்கிறது? காட்டுங்க.

ஈரோட்டு அம்மிணி:
பிளேட்லெட் என்ன, இளநீரில் இருந்தா எடுக்கிறோம்?

காங்கேயம் காளை:
எல்லாம் சர்டிபிகேட்டுக்குத்தான். கல்லூரியில் என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்டம் என்றால் வருசத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருசத்துக்கு 240, அப்புறம் 7 நாள் முகாம். நாங்களும் போனோம். கோயில் வாசலில் ஆளுக்கொரு விளக்குமாறு, ஒரு போட்டோ, பிறகு உப்புமா.

நொய்யல்கரை:
நீங்கள் உப்புமாவுக்குப் போனீர்கள் என்பதற்காக எல்லோரும் அதற்கா போவார்கள்?

காங்கேயம் காளை:
உப்புமாவை ஏனுங் இழுக்கறீங்க? 1969-ல் காந்தி நூற்றாண்டில் ஆரம்பித்த திட்டம். அன்றைக்கு இருந்த பிள்ளைகள் வேறு.

சென்னிமலை சின்னு:
அண்ணா அப்பப் பொறந்திருந்தீங்களா?

பவானிக்காரன்:
திசை திருப்பாதீங்க. 14 எப்படி வந்தது?

நொய்யல்கரை:
சரி, நானும் கேட்கிறேன். போன தைமாசம் என் மாமாவுக்கு ஓ நெகட்டிவ் வேண்டும் என்று இங்கேதான் எழுதினேன். உங்களுக்கும் அதே குரூப். நான்கு தடவை போன் அடித்தேன், எடுத்தீர்களா? ராத்திரி பதினொன்றரைக்கு பைக்கில் ஒரு சிநேகிதனைக் கூட்டிவந்தது இந்தப் பையன்.

பவானிக்காரன்:
அன்றைக்கு வீடு நிறைய ஒறம்பரை. போன் சார்ஜில் இருந்தது. காய்ச்சலுக்கு மாத்திரையும் போட்டிருந்தேன், ரத்தம் எடுத்திருக்கவே மாட்டார்கள். வேண்டுமானால் அம்மிணியைக் கேளுங்க. அதுக்கும் 14-க்கும் என்ன சம்பந்தம்?

ஈரோட்டு அம்மிணி:
என்னை இழுக்காதீங்க. மாத்திரை போட்டிருந்தாலும் போனை எடுக்கலாம்.

பவானிக்காரன்:
ஈரோட்டுக்காரங்க எல்லாம் ஒரே பக்கம்.

சென்னிமலை சின்னு:
பவானியும் ஈரோடு மாவட்டந்தானுங்க.

பவானிக்காரன்:
நீ பேசாம இரு சின்னு.

நொய்யல்கரை:
பையன் பர்சில் மடித்து வைத்திருக்கும் அட்டையை நானே பார்த்தேன். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கும், முத்திரை குத்த இடமில்லாமல் பின்பக்கமும் குத்தியிருக்கிறார்கள். வாங்கிப் படம் போடுகிறேன்.

பவானிக்காரன்:
போடுங்க. தேதி தெரியணும். பின்பக்கமும் வேணும்.

நொய்யல்கரை:
இன்றைக்கு முடியாது. பரீட்சை எழுதிக் கொடுக்கப் போயிருக்கிறான், வர ராத்திரி ஆகும்.

பவானிக்காரன்:
அதையும் சேர்த்து 15-ன்னு எழுதிராதீங்க.