இரவு நேர கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு ஊசிமருந்து): யார் கணக்கிடுவது, யார் சரிபார்ப்பது, யார் நிறுத்தலாம்?

தரக்குழு_ஊழியர்:
"ரெண்டு ஆம்பியூல் கேசிஎல் போட்டுடுங்க." இரவில் போனில் வரும் இந்த ஒரு வரியில் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மூவரின் வேலையும் குழம்பிப்போகிறது. என் கட்சி இதுதான்: அடர் பொட்டாசியம் குளோரைடு வார்டில் இருக்கவே கூடாது, கலக்கும் வேலை பார்மசிக்குப் போகட்டும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 1998-இல் விட்ட முதல் எச்சரிக்கையே இந்த மருந்தைப் பற்றித்தான்.

ஐசியு_டாக்டர்:
பொது வார்டுக்குச் சரி. ஐசியுவுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ரத்தத்தில் பொட்டாசியம் 2.2 என்று ஆபத்தான அளவுக்கு இறங்கி, மானிட்டரில் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்றால் பார்மசியிலிருந்து பை வரும்வரை காத்திருக்க முடியாது. ராத்திரி பல பார்மசிகளில் ஒரே ஆள்தான், அவரும் பில் போட்டுக்கொண்டிருப்பார். பூட்டிய தனிப் பெட்டி, எச்சரிக்கை லேபிள், இருவர் சரிபார்ப்பு போதும்.

வார்டு_சிஸ்டர்:
இருவர் சரிபார்ப்பு என்கிறீர்கள் சார், நடப்பது என்ன? ஒருவர் கலந்து மாட்டுவார். இன்னொருவர் அப்புறம் வந்து கையெழுத்து மட்டும் போடுவார். முதல் ஆளின் கணக்கைப் பார்க்காமல் இரண்டாமவர் தானே கணக்குப் போட வேண்டும். அதற்கு உத்தரவு முழுதாக இருக்கணும்: எத்தனை எம்ஈக்யூ (பொட்டாசியத்தை அளக்கும் அலகு), எந்த திரவம், எத்தனை மில்லி, மணிக்கு எவ்வளவு, எந்த லைன்.

"ரெண்டு ஆம்பியூல்" டோஸே இல்லை. இங்கே வழக்கமாகக் கிடைக்கும் 15 சதவீத, 10 மில்லி ஆம்பியூலில் 20 எம்ஈக்யூ. இரண்டை ஒரு லிட்டர் நார்மல் சலைனில் கலந்தால் லிட்டருக்கு 40. கை நரம்புக்கு அதுவே மேல் எல்லை. மணிக்கு 10 எம்ஈக்யூ வேண்டுமென்றால் 250 மில்லி வேகம். அதே இரண்டை 500 மில்லி பாட்டிலில் போட்டால் லிட்டருக்கு 80. நரம்பு எரியும், பேஷன்ட் கத்துவார், திட்டு எங்களுக்கு.

பார்ம்டி_நெல்லை:
சிஸ்டர் சொன்ன ஐந்தோடு ஒன்றைச் சேர்க்கணும். மாட்டும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீர் அளவு, பொட்டாசியத்தை ஏற்றும் ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எனலாப்ரில் மாத்திரை ஓடுகிறதா என்று பார்ப்பது யார்? டாக்டர் பார்த்திருப்பார் என்று சிஸ்டர், சிஸ்டர் சொல்லுவார் என்று டாக்டர். அந்த இடைவெளியில்தான் பொட்டாசியம் ஆபத்தான 7-க்கு ஏறுகிறது. மருந்துப் பட்டியலைப் பார்ப்பது கிளினிக்கல் பார்மசிஸ்ட் வேலை என்று எழுத்தில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் நிறுத்திவைக்கும் உரிமையும் வேண்டும். மக்னீசியம் குறைவாக இருந்தால் எவ்வளவு கேசிஎல் ஏற்றினாலும் பொட்டாசியம் உடம்பில் தங்காது. அதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

தொங்கிக்கொண்டிருக்கும் பையில் ஊசி குத்திக் கலக்காதீர்கள். கேசிஎல் கனம் அதிகம், அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும். பையைக் கழற்றி, கலந்து, பத்து முறையாவது தலைகீழாகப் புரட்டிய பிறகே மாட்டணும்.

ஐசியு_டாக்டர்:
நிறுத்திவைக்கலாம், மாற்றக் கூடாது. டோஸை முடிவு செய்வது எழுதியவர்தான், பொறுப்பும் அவருக்கே. நிறுத்தினால் உடனே எனக்குப் போன் வரணும்; காலை ரவுண்ட்ஸ் வரை தள்ளக் கூடாது. ராத்திரி 2 மணிக்குக் கிளினிக்கல் பார்மசிஸ்ட் இல்லாத இடத்தில் அந்தப் பட்டியலை டூட்டி டாக்டரே பார்த்து இனிஷியல் போடட்டும்.

வார்டு_சிஸ்டர்:
அதே உரிமை எங்களுக்கும் வேண்டும் சார். சிறுநீர் மணிக்கு 20 மில்லிதான் வருகிறது என்று தெரிந்தும் மாட்டிவிட்டு, பிறகு "நீங்க ஏன் சொல்லலை" என்ற கேள்விக்கு நிற்க முடியாது. போனில் கேசிஎல் உத்தரவே வாங்கக் கூடாது. கன்சல்டன்ட் சொல்லட்டும், டூட்டி டாக்டர் வந்து எழுதட்டும்.

ஐசியு_டாக்டர்:
ஐசியுவில் சரி. மூன்று வார்டுக்கு ஒரே டூட்டி டாக்டர் என்றால்?

தரக்குழு_ஊழியர்:
அங்கேதான் சார் என் முதல் கோரிக்கை. அந்த வார்டுகளில் ஆம்பியூலே வேண்டாம். கம்பெனி கலந்தே தரும் நீர்த்த பையை மட்டும் வையுங்கள். விழுங்கக்கூடிய பேஷன்டுக்கு, மானிட்டரில் சிக்கல் இல்லையென்றால், வாயால் குடிக்கும் பொட்டாசியம் சிரப்பே போதும்.