பழைய வைஃபை கார்டும் லினக்ஸும்: தண்டையார்பேட்டை அனுபவம்

பழைய வைஃபை கார்டை லினக்ஸில் ஓட வைத்த கதையை எல்லோரும் எழுதுகிறீர்கள், என் பங்குக்கு இதோ. 2005 வாக்கில் தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்கு பிசிஎம்சிஐஏ (பக்கவாட்டில் செருகும்) வயர்லெஸ் கார்டு வேண்டுமென்றால் பர்மா பஜாருக்குத்தான் ஓடுவேன். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் சிடியைப் போட்டால் வேலை முடிந்தது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

பெட்டியில் இருக்கும் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டி-லிங்க் டிடபிள்யூஎல்-650 முதலில் வந்தபோது உள்ளே பிரிசம் என்ற வைஃபை சிப். அதே பெயருக்குப் பின்னால் ஒரு பிளஸ் ஒட்டியிருந்தால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏசிஎக்ஸ்100 சிப்! லிங்க்ஸிஸ் டபிள்யூபிசி11-இல் மூன்றாம் பதிப்பு பிரிசம், நான்காவது ரியல்டெக். பிரிசத்துக்கு லினக்ஸில் நல்ல டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) உண்டு. மற்ற இரண்டோடும் அன்றைக்கு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கடையில் செருகிப் பார்க்க விட மாட்டார்கள். அதனால் கார்டின் முனையைப் பார்ப்பேன். கார்ட்பஸ் என்ற 32 பிட் வகைக் கார்டுகளுக்கு முனையில் புள்ளி புள்ளியாகத் தங்க நிறப் பட்டை இருக்கும். பட்டை இல்லாவிட்டால் 16 பிட். 11 எம்பிபிஎஸ் கார்டுகளில் அது பெரும்பாலும் பிரிசம் அல்லது லினக்ஸில் ஓடும் இன்னொரு சிப்பான ஹெர்மிஸ், தைரியமாக வாங்கலாம். "என்னா தம்பி, தங்கம் இல்லாததா பாத்து எடுக்கிறே?" என்று கடை பாய் சிரிப்பார்.

பிரிசம் கிடைத்துவிட்டால் யோகம்தான். ஹோஸ்ட்ஏபி டிரைவரைப் போட்டால் சாதாரண கம்ப்யூட்டரே மற்றவற்றுக்கு வைஃபை கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் ஆகிவிடும். ரவுட்டர் வாங்கக் காசில்லாத நாளில் மாடி வீட்டுக்கும் அப்படித்தான் நெட் கொடுத்தேன். அந்த டிரைவரை எழுதியவர் ஒரு ஃபின்லாந்துக்காரர். டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற மென்பொருளும் அவர் எழுதியதுதான். ஆண்ட்ராய்டு போன்களில் வைஃபை கடவுச்சொல்லைச் சரிபார்த்து இணைப்பது அதுவே.

வியாசர்பாடியிலிருந்து ஒரு பதில்:

அண்ணே, பட்டை விஷயம் அப்பவே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வாய்த்தது லினக்ஸ் டிரைவரே இல்லாத கார்டு. விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஓட வைக்கும் என்டிஸ்ராப்பர் போட்டு எக்ஸ்பி சிடியிலிருந்த ஐஎன்எஃப், சிஸ் டிரைவர் ஃபைல்களை லினக்ஸுக்குள் ஏற்றினேன். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ஓடியது. ஃபெடோரா என்ற இன்னொரு வகையில் சிஸ்டம் அப்படியே உறைந்துவிடும். அதன் கர்னல் ஸ்டாக் (இயங்குதளத்தின் மையப் பகுதி வேலை செய்யும்போது பயன்படுத்தும் சிறு நினைவிடம்) அப்போது 4 கேபிதான், விண்டோஸ் டிரைவர்களுக்கு அது போதவில்லை. அப்புறம் 64 பிட்டுக்கு மாறினால் டிரைவரும் 64 பிட் விண்டோஸுடையதாக இருக்க வேண்டும். அந்த கார்டுக்கு அப்படி ஒன்று வரவே இல்லை. இன்னும் 32 பிட்டில்தான் கிடக்கிறது அந்த லேப்டாப்.